சாலை வழி, நடை

அந்தத் தபால் நிலையத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் கடைவீதியில் திறக்கும். பின்வாசலைத் திறந்தால் ஒரு சிமென்ட் தொட்டி, துருப்பிடித்த சைக்கிள் ஒன்று, முள்கம்பி வேலியில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடைவெளி, அதற்கு அப்பால் அரசாங்கக் காடு. இடைவெளிக்கு மேலே 'அனுமதியின்றி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்று ஒரு பலகை. பலகைக்குக் கீழே மண், கால் பட்டுப் பட்டு வழுவழுவென்று கிடக்கும். பலகையும் அரசாங்கத்துடையது, மண்ணும் அரசாங்கத்துடையது. இரண்டும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாமலே இத்தனை வருஷம் காலத்தை ஓட்டிவிட்டன.

போஸ்ட்மாஸ்டருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் ஒரு மெமோ வாங்காதவர். அதை அவர் வாய்விட்டுப் பெருமை பேச மாட்டார். ஆனால் எதைப் பேசினாலும் அது தானாக வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

அவருக்குக் கீழே ஒரே ஒரு தபால்காரம்மா. அவர் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. அலுவலகத்துக்குள் அவரை 'சார்' என்பாள். பின்வாசல் படியைத் தாண்டினால் 'அத்தான்'. ஊரில் அவளுக்குத் தந்தி என்று பெயர். வார்த்தைக்கு வார்த்தை காசு கட்டுகிறவள் போலத்தான் பேசுவாள். தந்தி என்ற ஒன்று ஒழிந்துபோய்ப் பல காலமாகியும் அந்தப் பெயர் மட்டும் அவள்மேல் ஒட்டிக்கொண்டு நின்றது.

காலை ஒன்பது மணிக்கு வேன் வந்து தபால் பையைப் போட்டுவிட்டுப் போகும். தந்தி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரிப்பாள். தெருவாரியாக அல்ல, எண்வாரியாக அல்ல. தன் கால் எந்த வீட்டை முதலில் தொடுமோ அந்த வரிசையில். நாய் கட்டாத வீடு எது, பத்து மணிக்குள் ஆள் கிளம்பிவிடும் வீடு எது என்றெல்லாம் அந்த அடுக்கில் இருக்கும். மணிக்கட்டில் ஏழெட்டு ரப்பர் பேண்ட் வளையல் மாதிரி கிடக்கும். இருபது நிமிஷத்தில் கட்டு கட்டி எழுந்துவிடுவாள். போஸ்ட்மாஸ்டர் ஒருமுறை அவள் விடுப்பில் இருந்தபோது அதைச் செய்துபார்த்தார். மதியம் ஆகிவிட்டது. அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒன்பதரைக்கு அவள் மேல்குடியிருப்புக்குக் கிளம்புவாள். காட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டில், நூற்று நாற்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம். காட்டு வழியாகப் போனால் மூன்றரைக் கிலோமீட்டர். மலையைச் சுற்றிச் சாலையில் போனால் பதினாறு. சாலையில் பஸ் காலை ஏழுக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று. தபால் பை வருவதோ ஒன்பதுக்கு. 'தபால் பையைக் காட்டுப்பகுதி வழியாகக் கொண்டுசெல்லக் கூடாது, சாலை வழியே கொண்டுசெல்ல வேண்டும்' என்று விதி எழுதியவர் அந்த பஸ்ஸையும் பார்த்ததில்லை, அந்த மலையையும் பார்த்ததில்லை.

அதனால் பட்டுவாடா ஏட்டில் ஒரு சின்னப் பொய் தினமும் ஏறியது. ஏட்டில் ஐந்து கட்டம். தேதி, கிளம்பிய நேரம், சென்ற வழி, சேர்ந்த நேரம், கையெழுத்து. கிளம்பிய நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து போஸ்ட்மாஸ்டர் எழுதுவார். சேர்ந்த நேரத்தை அங்கே முதல் தபாலை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்; தந்தி திரும்பி வந்ததும் அது ஏட்டில் ஏறும். நடுவில் இருக்கும் 'சென்ற வழி' தந்தியுடையது. அதில் அவள் 'சாலை வழி, நடை' என்று எழுதுவாள். எழுதிவிட்டுப் பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் போவாள். போஸ்ட்மாஸ்டர் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். இருபத்திரண்டு வருஷம். வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து, எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, சிவப்பு மையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போவார்.

அந்தக் காட்டை விற்கப்போவதாக ஒரு திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியதே போஸ்ட்மாஸ்டர்தான். காடு முழுவதும் ஒரு மரக் கம்பெனிக்கு. ஆட்சேபணை இருந்தால் பொது விசாரணையில் சொல்லலாம். பொதுமக்கள் இருபது வருஷம் தொடர்ந்து நடந்த பாதை என்று எழுத்து ஆதாரத்தோடு நிரூபித்தால், காடு யாருக்குப் போனாலும் அந்தப் பாதை பொதுவாகவே இருக்கும். இல்லையென்றால் வேலிதான்.

அன்றைக்குக் கவுன்ட்டர் வரிசையில் ஸ்டாம்ப் வாங்க வந்தவனும் வாயைத் திறந்தான்.

"விக்கட்டும் சார்," என்றார் இரும்புக்கடைக்காரர். "கவர்மென்ட் வச்சிருந்து என்னத்தைக் கிழிச்சுது? போன வருஷம் தீப்பிடிச்சப்ப தண்ணி வண்டி வர்றதுக்கு மூணு மணி நேரம். மூணு பீட் காட்டுக்கு ஒரே ஒரு ஃபாரஸ்ட் கார்டு. ராவோட ராவா மரம் போகுது. கம்பெனிக்காரன்னா தன் பொருளைத் தான் பாத்துப்பான்ல?"

"அது உங்க கடை இல்ல, பூட்டிச் சாவிய இடுப்புல செருகிக்க," என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார். "நம்ம எல்லாரோட சொத்து அது."

"எல்லாரோடதும்னா யாரோடதும் இல்லன்னு அர்த்தம் வாத்தியாரே. உங்க வீட்டுத் தின்பண்ட டப்பாவையே எடுத்துக்குங்க…"

"என் வீட்டு டப்பாவ விடும்."

தந்தி தரையில் உட்கார்ந்தபடி ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவளைச் சாட்சிக்கு இழுத்தார். "நீ சொல்லும்மா. நீதான் தினம் போறவ. காடு யாரு கையில இருக்கணும்?"

"யாரு கையிலயோ இருக்கட்டும். கதவு எங்க வைப்பாங்க?"

"பாஸ் குடுப்பாங்களாம்," என்றார் இரும்புக்கடைக்காரர். "அறிவிப்புல போட்டிருக்கான். அனுமதி அட்டை. காட்டினா விடுவான்."

"குடுக்கிறவன் ஒருநாள் இல்லன்னும் சொல்லலாம்ல?"

இருபது நிமிஷமாக இரண்டு பெரிய மனுஷர்கள் தொண்டை கிழியக் கத்தியதை அவள் ஒரு வரியில் மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டாள் என்று போஸ்ட்மாஸ்டர் நினைத்தார். அவளிடம் அவருக்கு எப்போதும் பிடித்தது அதுதான். சொல்லமாட்டார். மச்சினியைப் பாராட்டினால் வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு ஆறிப்போகும்.

விசாரணை நகராட்சி மண்டபத்தில். பிளாஸ்டிக் நாற்காலி, கீச்சென்று கத்தும் மைக், மேலே சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும் மின்விசிறி. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, பேசுகிறவர் முகத்தையே பார்ப்பவர். கம்பெனி வக்கீல் இளைஞர். பளபளவென்று ஷூ. மரியாதையாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

மேல்குடியிருப்பிலிருந்து பதினேழு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் அந்தப் பாதையில் நடந்ததாகச் சொன்னார்கள். பிரசவத்துக்கு இறங்கியது, பள்ளிக்கு இறங்கியது, வேலைக்கு இறங்கியது. வக்கீல் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார். "எழுத்துல ஏதாவது இருக்கா?" நடந்ததை யார் எழுதிவைப்பார்கள்? இல்லை. அடுத்தது வனக் காவலர். அவர் டயரியில் இருபது வருஷமாக 'ஆள் நடமாட்டம் இல்லை' என்று இருந்தது. நடமாட்டம் இருந்தது என்று எழுதினால், ஏன் பிடிக்கவில்லை என்று மேலே கேட்பார்கள். அவர் மைக்கைப் பார்த்தபடியே "டயரியில இருக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அப்புறம் தந்தி. வக்கீல் பட்டுவாடா ஏடுகளைத் தலைமை அலுவலகத்திலிருந்தே வரவழைத்திருந்தார். ஒன்றைத் திறந்து நீட்டினார்.

"இது உங்க எழுத்தாம்மா?"

"ஆமா."

"படிங்க."

"சாலை வழி, நடை."

"இருபத்திரண்டு வருஷமும் இதேதான் இருக்கு. காட்டு வழின்னு ஒரு நாள்கூட இல்ல."

"அது பொய்."

"எது பொய்? இன்னிக்கு இங்க சொல்றதா, அன்னிக்கு எழுதினதா?"

"எழுதினது."

"அப்ப நீங்க பொய் எழுதுறவங்க."

"எழுதுவேன். பேச மாட்டேன்."

மண்டபம் சிரித்தது. வக்கீலும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஒவ்வொரு நாளும் உங்க மேலதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கார். அவருக்குத் தெரியுமா?"

மூன்றாம் வரிசையில் போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். தந்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அவரு ஏட்டைப் பாத்துக் கையெழுத்துப் போட்டாரு. காட்டைப் பாத்து இல்ல."

"ஆக, அவரையும் ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா," என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயால் சொல்லி அவர் கேட்ட முதல் பொய் அது. அதுவும் அவருக்காக. வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அதிகாரி, நாளை மறுநாள் கடைசி அமர்வு என்று சொல்லி எழுந்தார். வெளியே வந்தபோது தந்தி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எட்டு மாசம்தான அத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் மனைவிக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. வாத்தியார் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் தட்டைப் போட்டுச் சோறு வைத்தாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன ஆகும் அவளுக்கு?"

"பொய்ப் பதிவு. வேலையே போனாலும் போகும். பாதையும் போச்சு."

"நீங்க தெரியும்னு சொன்னா?"

"எனக்கும் சேத்து வரும். சொன்னாலும் பாதை நிக்கும்னு என்ன நிச்சயம்? ஏட்டுல இருக்கிறது இருக்கிறதுதான். ரெண்டு பேரும் சேந்து பொய் எழுதினோம்னு ஆகும், அவ்ளோதான்."

"கணக்கு அப்படியா?" என்றாள் மனைவி. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "சொன்னா ரெண்டு பேருக்கும் போகும். சொல்லலேன்னா அவளுக்கு மட்டும் போகும். நான் ஒண்ணும் சொல்லல. ஒருத்தி என் தங்கச்சி, ஒருத்தர் என் புருஷன். நான் எதைச் சொன்னாலும் மிச்ச வாழ்க்கை பூரா என்னைக் குத்திக் காட்டுவீங்க."

ஒன்றும் சொல்லாதவள் சொன்னது அவருக்குச் சோற்றோடு உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல ஒன்பதரை ஆனது. நடப்பு ஏடு மட்டும் அலுவலகத்தில் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து 9.30 என்று எழுதினார். தந்தி பேனாவை வாங்கிக்கொண்டு சற்று நின்றாள். பிறகு 'சென்ற வழி'யில் 'காட்டு வழி, நடை' என்று எழுதிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிப் போய்விட்டாள். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனார். பழக்க தோஷத்தில் கண் முந்தின நாள் வரிக்குப் போயிற்று. அதற்கு முந்தின நாள். அதற்கும் முந்தின நாள்.

9.30. சாலை வழி, நடை. 10.20.

9.31. சாலை வழி, நடை. 10.22.

9.30. சாலை வழி, நடை. 10.18.

அவர் பேனாவை வைத்துவிட்டார். பதினாறு கிலோமீட்டர். மேடு. பொம்பளை. தோளில் எட்டுக் கிலோ பை. ஐம்பது நிமிஷம். குதிரைகூட நடுவில் நின்று தண்ணீர் குடிக்கும்.

இருபத்திரண்டு வருஷமும் இதுதான். ஏனென்றால் நேரத்தில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. வழியைப் பொய்யாக எழுதினால் எவனும் கேட்கமாட்டான். விதிப்படி இருக்கிறது, சரி. நேரத்தைப் பொய்யாக எழுதி மூன்றரை மணி நேரம் என்று போட்டால், பட்டுவாடா ஏன் தாமதம் என்று அடுத்த வாரமே மெமோ வந்து விழும். மெமோவுக்குப் பயந்தே நேரத்தை உண்மையாக எழுதியிருக்கிறார்கள். தன் பயத்துக்கு இப்படி ஒரு பலன் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வக்கீல் ஏட்டை வரவழைத்துப் படித்தார்; நடுக்கட்டத்தை மட்டும் படித்தார். ஆய்வாளர்கள் படித்தது மாதிரியே.

கவுன்ட்டருக்கு வெளியே ஒருவர் மணியார்டர் பாரத்தை நீட்டிக்கொண்டு நின்றார். "சார்… சார்!"

"ஒரு நிமிஷம் இருங்க."

இன்னொன்றும் அவருக்குப் புரிந்திருந்தது: நேரத்தைச் சுட்டிக் காட்டினால் மட்டும் போதாது. வழி பொய்யென்றால் நேரமும் பொய்யாக இருக்கலாம் என்பார்கள். கிளம்பிய நேரத்தை எழுதியவன் நான், அவள் எந்த வாசலில் போனாள் என்று பார்த்தவன் நான், தெரிந்தே கையெழுத்துப் போட்டவன் நான் என்று ஒரு ஆள் எழுந்து நின்று சொல்லவேண்டும். அந்த ஆளுக்கு எட்டு மாதம் இருந்தது.

அன்று முழுவதும் மனசுக்குள் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார். ஓய்வு நாளன்று மாலை போட்டுப் பேசுவார்கள், 'அப்பழுக்கில்லாத சேவை' என்று. அந்த வார்த்தையை அவர் பல பேருக்குப் பேசிக் கேட்டிருக்கிறார். தன் முறைக்காகக் காத்திருந்தார். வெட்கம்கெட்ட ஆசைதான். ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

கடைசி அமர்வில் அதிகாரி "வேற யாராவது?" என்று கேட்டார். ஒப்புக்குக் கேட்ட கேள்வி. பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். போஸ்ட்மாஸ்டர் எழுந்தார். எழுந்ததும் நாற்காலியும் அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. பின்னால் இருந்தவர் அதைப் பிடித்து இறக்கினார்.

"மேடம், அந்த ஏட்டுல நேரத்தைப் பாக்கணும்."

வக்கீல் திரும்பிப் பார்த்தார். அதிகாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். ஏட்டைத் திறந்தார். ஒரு பக்கம். இரண்டு பக்கம். வேறொரு ஏடு, பதினைந்து வருஷத்துக்கு முந்தையது. பக்கத்தில் இருந்த நில அளவையாளரைக் கேட்டார். "சாலை எவ்வளவு தூரம்?"

"பதினாறு கிலோமீட்டர் மேடம்."

"ஐம்பது நிமிஷத்துல நடந்தா?"

"இந்தம்மாவை உலகப் போட்டிக்கு அனுப்பணும் மேடம்."

சிரிப்பு அடங்கும்வரை வக்கீல் காத்திருந்தார். "வழியே பொய்னு சாட்சியே ஒத்துக்கிட்டாங்க. அப்ப நேரம் மட்டும் எப்படி உண்மைன்னு நம்புறது?"

"நேரம் அவங்க எழுதினது இல்ல," என்றார் போஸ்ட்மாஸ்டர். "சேர்ந்த நேரம் தலைமையாசிரியை குடுத்தது. கிளம்பின நேரம் நான் எழுதினது. கடிகாரத்தைப் பாத்து. எழுதிட்டு, அவங்க பின்வாசல் வழியா காட்டுக்குள்ள போறதையும் பாப்பேன். தினமும். பாத்துட்டுத்தான் சாலை வழின்னு இருக்கிற வரிக்குக் கையெழுத்துப் போட்டேன்."

"உங்களை ஏமாத்தினதா உங்க ஊழியரே சொன்னாங்களே?"

"என்னைக் காப்பாத்தச் சொன்னாங்க. எனக்குத் தெரியும். முதல் நாள்லேர்ந்து தெரியும்."

முன்வரிசையில் தந்தி திரும்பி அவரைப் பார்த்தாள். நன்றியெல்லாம் இல்லை அந்தப் பார்வையில். உதடு அசைந்தது. 'லூசு அத்தான்' என்ற மாதிரி இருந்தது.

அதிகாரி ஏட்டை மூடினார். "நாளைக்கு ஒன்பதரைக்கு நடந்து பாத்துடுவோம். எல்லாரும் வாங்க. நல்ல செருப்பாப் போட்டுக்கிட்டு வாங்க," என்றார், வக்கீல் காலைப் பார்த்தபடி.

போஸ்ட்மாஸ்டர் அந்த வேலிக்கு அப்பால் போனதே இல்லை. இருபத்திரண்டு வருஷம் வாசலில் நின்று வழியனுப்பியதோடு சரி. அன்றுதான் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு இடைவெளியில் நுழைந்தார். அதிகாரி, அளவையாளர், வக்கீல், காவலர், அவர். தந்தி தோளில் அன்றைய தபாலோடு.

"நீங்க முன்னால போங்க சார்," என்றாள் வக்கீலிடம், மரியாதையாக.

வக்கீல் முன்னால் போனார். முப்பது அடி போவதற்குள் முகம் முழுக்கச் சிலந்தி வலை. துடைத்தார். மறுபடி பத்தடியில் இன்னொன்று.

"காலையில முதல்ல போறவங்களுக்கு இதுதான்," என்றாள் தந்தி. "தினம் நான்தான்."

அவள் நடப்பதை போஸ்ட்மாஸ்டர் அப்போதுதான் பார்த்தார். வேகம் என்று சொல்ல முடியாது. அவசரமே இல்லை. ஆனால் ஒரு அடிகூட வீண் இல்லை. எந்த வேரில் கால் வைக்கலாம், எந்தக் கல் ஆடும், எங்கே கை எந்தக் கிளையைப் பிடிக்கும் என்று உடம்புக்கே தெரிந்திருந்தது. அந்தக் கிளைகளில் கை பட்ட இடம் மட்டும் பட்டை தேய்ந்து மினுங்கியது. அவள் கை மட்டுமல்ல. அவள் உயரத்துக்குக் கீழேயும் மேலேயும் பல கைகள் தேய்த்திருந்தன. பையைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்காமல், கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு ஏறினாள். கவுன்ட்டருக்குள் உட்கார்ந்து இவளுக்குத் தான் மேலதிகாரி என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

பாதி வழியில் ஓடை. குறுக்கே ஒரு மரத்துண்டு, மேல்பக்கம் செதுக்கித் தட்டையாக்கியது, கைப்பிடிக்குக் கயிறு. அதிகாரி நின்றார்.

"இதை யார் போட்டது?"

தந்தி மரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலர் தொண்டையைச் செருமினார். "நான்தான் மேடம்."

"டயரியில ஆள் நடமாட்டம் இல்லன்னு இருக்கு. யாருக்குப் பாலம் போட்டீங்க, மானுக்கா? கயிறெல்லாம் கட்டி?"

"ஒரு கர்ப்பிணிப் பொண்ணு வழுக்கி விழுந்துடுச்சு மேடம். அதான்." அப்புறம், யாரும் கேட்காமலே சொன்னார். "தினம் அறுபது எழுபது பேர் போவாங்க. பிடிச்சா யாரைப் பிடிக்கிறது?"

அதிகாரி அங்கேயே நின்று எழுதிக்கொண்டார். வக்கீல் ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். மேலே போய்ச் சேர்ந்தபோது பத்து முப்பத்தொன்று. "நீங்க ரெண்டு தடவை நின்னீங்க," என்று அளவையாளர் வக்கீலிடம் சொன்னார். "இல்லேன்னா ஐம்பதுதான்."

தந்தி அதற்குள் பள்ளிக்கூடத்தைத் தாண்டி இரண்டாவது வீட்டில் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கூட்டத்துக்காக அன்றைய பட்டுவாடா நிற்க வேண்டுமா என்ன?

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. காடு கம்பெனிக்குத்தான். அதை யாரும் தடுக்க முடியவில்லை. ஆனால் தபால் நிலையப் பின்புறத்திலிருந்து மேல்குடியிருப்புவரை நாலடி அகலப் பாதை பொதுப்பாதை. கதவு கூடாது, அட்டை கூடாது, யாரையும் நிறுத்தக் கூடாது. இரண்டு பக்கமும் வேலி வந்தது. சுள்ளி பொறுக்கியவர்களுக்கு ஒன்றும் இல்லை. சும்மா சுற்றியவர்களுக்கும் இல்லை. கம்பெனி முதல் மாதமே தீக்காவல் கோபுரம் ஒன்று கட்டியது, அதையும் சொல்லவேண்டும். இரும்புக்கடைக்காரர் பாதி ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார். வாத்தியார் பாதி தோற்றதாகச் சொல்லிக்கொண்டார்.

"வெறும் நாலடி!" என்று கவுன்ட்டரில் பொருமினார் வாத்தியார். "அவ்வளவு பெரிய காட்டுல!"

"நான் ஒண்ணரை அடிதான்," என்றாள் தந்தி. "மிச்சம் எதிர்ல வர்றவங்களுக்கு."

பாதை உத்தரவு வந்த அதே வாரம் பதிவுத் தபாலில் இரண்டு உறை வந்தன. ஒன்று போஸ்ட்மாஸ்டர் பெயருக்கு, ஒன்று தந்தி பெயருக்கு. அவர் இரண்டுக்கும் முத்திரை குத்தினார். அவள் அவருடையதை அவரிடமே நீட்டி ஒப்புகை வாங்கினாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு படித்தார்கள். தெரிந்தே தவறான பதிவு செய்தது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும். விளக்கம் போனது. ஒரு மாதத்தில் தண்டனை உத்தரவு வந்தது.

அன்று சாயங்காலம் அதை மனைவியிடம் கொடுத்தார். அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தாள்.

"கண்டிப்புன்னா?"

"சர்வீஸ் புத்தகத்துல எழுதுவாங்க. பென்ஷன்ல கை வைக்கல."

"அவ்ளோதானா? நான் என்னமோன்னு நினைச்சேன். அவளுக்கு?"

"ரெண்டு வருஷம் சம்பள உயர்வு நிறுத்தம்."

"ரெண்டு வருஷமா? ஒரே தப்பு. உங்களுக்கு வெறும் எழுத்து, அவளுக்கு மட்டும் ஏன்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அது கீழே விழுந்தது. மறுபடி மாட்டினார்.

"விளக்கத்தோட கடைசியில 'செய்த தவறுக்கு வருந்துகிறேன்'னு எழுதச் சொன்னாங்க. எழுதினா லேசா விட்டுடுவாங்களாம். அவ எழுத மாட்டேன்னுட்டா. நானும் சொல்லிப் பாத்தேன். வருத்தமா இருந்தாத்தான எழுதுறது, என்கிறா."

மனைவி காகிதத்தை மடித்தாள். முகத்தில் சிரிப்பா கோபமா என்று பிடிபடவில்லை. தங்கையைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் எப்போதும் அப்படித்தான்.

"நீங்க எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"ம்," என்றாள் அவள். "கை கழுவிட்டு வாங்க. நாளைக்கு அவளையும் சாப்பிட வரச் சொல்லுங்க."

அவர் கை கழுவப் போனார்.